வகுப்பறைச் சுவருக்கு வாங்கிய நான்கு பழைய வரைபடங்கள்: ஒரு மதிப்புரை

கடந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், பழைய வரைபடங்களை மறுஅச்சு செய்து விற்கும் ஓர் இணையக் கடையிலிருந்து நான்கு தாள்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை எங்கள் சமூக அறிவியல் வகுப்பறைக்காக வாங்கினேன். தொகுப்பின் விலை 3,200 ரூபாய். அனுப்பும் செலவு தனியாக 180 ரூபாய். ஏ2 அளவுள்ள தாள்கள். ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட ஹிந்துஸ்தான் வரைபடம், 1886இல் லண்டன் வார இதழ் ஒன்று இணைப்பாகத் தந்த பிரிட்டிஷ் பேரரசின் உலகப் படம், 1877இல் பிரெட் ரோஸ் வரைந்த ‘ஆக்டோபஸ்’ ஐரோப்பா, நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுட்டுப்படம் ஆகியவை அவை. தேர்வு மிக நல்ல தேர்வு. இதைத் தொகுத்தவருக்கு வரைபட வரலாறு தெரிந்திருக்கிறது என்று நம்பித்தான் பணம் கட்டினேன்.

எட்டாம் வகுப்பில் மைசூர்ப் போர்களை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்துவந்தது. பாடநூலில் உள்ள வரைபடத்தை மாணவர்கள் மலையையும் ஆற்றையும் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். அது இருக்கிறபடியே இருக்கிறது, அதை யாரும் வரையவில்லை என்பதுபோல. ஒரு வரைபடத்தை வரையச் சொன்னவர் யார், அவருக்கு அதனால் ஆகவேண்டிய காரியம் என்ன, எதைப் பெரிதாகக் காட்டினார், எதை விட்டுவிட்டார் என்ற கேள்விகளை அவர்கள் கேட்டுப் பழக வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு நடுப்படத்தைவிட ஓரங்களே அதிகம் உதவும். தலைப்பு எழுதிய விதம், அதைச் சுற்றி வரைந்த சித்திரம், அடிக்குறிப்பு, சட்டத்துக்குள் நிற்கும் மனித உருவங்கள் ஆகியவற்றில்தான் வரைபடம் தன் வாயைத் திறந்து பேசுகிறது. ஆகவே இந்த நான்கு தாள்களையும் ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன்: மூலத்தின் ஓரங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தனவா?

முதலில் பொருளின் தரம். கெட்டியான அட்டை உருளைக்குள், மெல்லிய வெண்தாள் சுற்றி, ஈரம் படாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு மடிப்பும் இல்லை, ஒரு மூலையும் நசுங்கவில்லை. தாள் பளபளப்பற்றது; ஆகையால் சன்னல் வெளிச்சம் பட்டாலும் பின்வரிசை மாணவர்களுக்குக் கண் கூசாது. மையும் நன்றாகப் பிடித்திருக்கிறது. நான்கு மாதம் சுவரில் இருந்தபின்பும் நிறம் மங்கவில்லை. இவ்வளவும் பாராட்டுக்குரியவை.

ரென்னலின் தாளை விரித்தபோதுதான் மனம் துணுக்குற்றது. மூல வரைபடத்தில் தலைப்புச் சித்திரம் இருக்க வேண்டிய இடத்தில், வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு துப்புரவான கட்டமும், அதற்குள் கணினி எழுத்தில் ‘இந்தியா 1782’ என்ற தலைப்பும் இருந்தன. பழைய சித்திரத்தை முழுவதுமாக அழித்துவிட்டுக் கடைக்காரர்கள் தங்கள் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள். கடற்கரைக் கோடும் ஆறுகளும் ஊர்ப்பெயர்களும் அப்படியே இருக்கின்றன. கடையின் பார்வையில் வரைபடம் முழுமையாக இருக்கிறது. என் பார்வையில் அதன் நாக்கை அறுத்துவிட்டார்கள்.

அழிக்கப்பட்டது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரென்னல் 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். பத்தாண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆறு ஆறாக, பாதை பாதையாக அளந்தவர். அப்பணியில் வாள்வெட்டுப் பட்டுச் சாகும் நிலைக்குப் போய் மீண்டவர். 1777இல் இங்கிலாந்து திரும்பிய பின் அவர் வெளியிட்ட ஹிந்துஸ்தான் வரைபடம், துணைக்கண்டம் முழுவதையும் ஒரே பரப்பில் ஓரளவு நம்பகமாகக் காட்டிய முதல் ஆங்கில வரைபடங்களில் ஒன்று. அதன் தலைப்புச் சித்திரத்தில், பிரிட்டனைப் பெண்ணுருவாக்கிய பிரிட்டானியா நிற்கிறாள். அந்தணப் பண்டிதர்கள் பணிந்து தங்கள் சாத்திரச் சுவடிகளை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த நூல்களை அவள் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்கிறாள் என்றும், வங்காள மக்களுக்குச் சாதகமாக 1781இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கருணையோடு தலையிட்டதை அது குறிக்கிறது என்றும் ரென்னலே வரைபடத்துடன் வந்த தம் நூலில் விளக்கம் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுச் சட்டம், கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் சமயச் சட்டங்களின்படி வழக்குகளைத் தீர்க்க வழிசெய்தது. சுவடிகளைக் கையில் வாங்குகிறவருக்கே அவற்றுக்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் போய்ச் சேரும் என்பதை அந்தச் சித்திரம் மறைக்கவில்லை, பெருமையோடு காட்டுகிறது.

பிரிட்டானியாவைத் தாங்கும் பீடத்தைப் பற்றி ரென்னல் எழுதியிருப்பது நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. பிரிட்டிஷார் இந்தியாவில் தங்கள் செல்வாக்கைப் பெற்றதற்கும் நிலைநிறுத்திக்கொண்டதற்கும் காரணமான போர் வெற்றிகள் அப்பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன; அவற்றுள் தளபதி அயர் கூட் அண்மையில் பெற்ற இரண்டு வெற்றிகளான போர்ட்டோ நோவோவையும் சோளிங்கரையும் ஒரு சிப்பாய் தன் தோழனுக்குச் சுட்டிக்காட்டுகிறான். போர்ட்டோ நோவோ என்பது கடலூருக்குத் தெற்கே உள்ள நம் பரங்கிப்பேட்டை. அங்கே 1781 ஜூலை 1 அன்று கூட்டின் படை ஹைதர் அலியை வென்றது. சோளிங்கரில் நடந்த போர் அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று. எங்கள் பள்ளியிலிருந்து சோளிங்கருக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம்தான்.

இந்தப் பகுதியை நான் ஒரு நூலகத்தின் இணையத் தொகுப்பிலிருந்து எடுத்துத் திரையில் காட்டி, ரென்னலின் விளக்கத்தைத் தமிழில் சொன்னபோது, இரண்டாம் வரிசையில் இருந்த மாணவன், “சார், நம்ம சோளிங்கரா? மலைக்கோயில் இருக்கே, அதுவா?” என்று எழுந்தே நின்றுவிட்டான். நரசிம்மர் மலையில் எத்தனையோ முறை படியேறிய பிள்ளை. தன் ஊர்ப் பெயரை லண்டனில் ஒருவர் 1782இல் ஒரு வெற்றித்தூணில் எழுதி வைத்திருக்கிறார் என்பதை அவனால் உடனே நம்ப முடியவில்லை. அதே வகுப்பில் ஒரு மாணவி கேட்டது அதைவிட நல்ல கேள்வி: “எல்லாமே ஜெயிச்ச சண்டைதானா சார்? தோத்த சண்டைய எழுதலையா?”

அந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கினேன் என்று சொல்லலாம். ஓராண்டுக்கு முன்பு, 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் சூழப்பட்டு ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. எஞ்சியவர்கள் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோகப்பட்டார்கள். இந்தியாவில் அதுவரை பிரிட்டிஷார் கண்ட தோல்விகளில் மிகக் கொடியது அது. வெற்றிகளுக்கென்று அமைத்த பீடத்தில் அதற்கு இடமிருக்க வழியில்லை. அந்தப் போரின் நினைவுச் சின்னத்தை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் கட்டி முடித்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில், பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்க அவர் படை சிதைவதைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரே போரின் இரு தரப்பும் தத்தம் வெற்றியை மட்டும் தத்தம் சுவரில் எழுதிக்கொண்டன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரென்னலின் வரைபடம் வெளிவந்த 1782இல் மைசூருடனான அந்தப் போர் முடிந்திருக்கவில்லை. மங்களூர் உடன்படிக்கை 1784 மார்ச்சில்தான் கையெழுத்தானது. முடிவு தெரியாத ஒரு போரின் நடுவில், முடிவு தெரிந்ததுபோல லண்டன் வாசகருக்கு நம்பிக்கையூட்டுவதற்காக அந்தப் பீடம் எழுப்பப்பட்டிருக்கிறது. சித்திரத்தைச் சூழ்ந்திருக்கும் மாலை அபினிச் செடியின் மலர்களால் ஆனது என்று வரைபட வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சீனத்துடன் நடந்த வணிகத்துக்கு அபினி எத்தனை முக்கியமாகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அந்த மாலையும் பேசுகிறது.

இதற்கு மாறாக, வரைபடத்தின் நடுப்பகுதியில் ரென்னல் வேறொரு காரியம் செய்திருக்கிறார். நாட்டின் பெரும் பிரிவுகளுக்கு அக்பர் காலத்துச் சுபாக்களையே, அதாவது மாகாணங்களையே, அடிப்படையாகக் கொண்டார்; அதுவே நிலையான பிரிவாக அவருக்குத் தோன்றியது. மராத்தியரும் ஹைதரும் நிஜாமும் ஆளும் காலத்தில், முகலாயப் பேரரசின் எலும்புக்கூட்டின் மீது கம்பெனியின் புதிய நாட்டைப் பொருத்திப் பார்க்கிறார். ஒரு பேரரசின் இடத்தில் அடுத்தது வந்து அமர்வதற்கான இருக்கையை வரைபடம் தயாராக வைத்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் உள்ள கடையின் அச்சில் இதைக் காட்ட முடிகிறது. ஆனால் யாருக்காக அந்த இருக்கை என்பதைச் சொல்லும் சித்திரம் இல்லாதபோது பாதி வாக்கியம்தான் கையில் இருக்கிறது.

இரண்டாவது தாளும் ஏறத்தாழ இதே நோயால் பாதிக்கப்பட்டது, அளவில் சற்றுக் குறைவாக. ‘தி கிராஃபிக்’ இதழ் 1886 ஜூலை 24 அன்று இணைப்பாக வெளியிட்ட இந்த உலகப் படத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் இளஞ்சிவப்பில் இருக்கின்றன. கிரீன்விச் நடுவில் நிற்கிறது. கப்பல் வழிகள் கோடுகளாக நாற்புறமும் ஓடுகின்றன. நூறாண்டுக்கு முன், 1786இல், ஆட்சி எவ்வளவு சிறிதாக இருந்தது என்று காட்டும் ஒரு சிறு படமும் உள்ளே உண்டு. பார்த்தவுடன் ‘எவ்வளவு வளர்ந்துவிட்டோம்’ என்று ஓர் ஆங்கிலேயக் குடும்பம் வியக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. படம் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டது. அந்த முறையை வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் 1569இல் வகுத்தது மாலுமிகளுக்காக. திசைமானியின் ஒரே திசையில் செல்லும் கப்பலின் வழி அதில் நேர்க்கோடாக விழும். அந்த வசதிக்கு விலையாகத் துருவங்களை நோக்கிப் போகப்போக நிலங்கள் ஊதிப் பெருக்கும். கனடா முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஒரு படத்துக்கு அந்த ஊதல் எவ்வளவு உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாணவர்களிடம் நான் கொடுத்த எளிய பயிற்சி: கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 32.9 லட்சம், இப்போது படத்தைப் பார்த்து எது பெரிதாகத் தெரிகிறது என்று எழுதுங்கள். ஒருவர்கூட இந்தியா என்று எழுதவில்லை.

ஆனால் இந்தத் தாளின் உயிரும் ஓரத்தில்தான் இருக்கிறது. இதன் சித்திரங்கள் வால்டர் கிரேனுடையவை. அவர் பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுள்ள ஓவியர். மேலே மூன்று பெண்ணுருவங்கள் ‘சுதந்திரம், சகோதரத்துவம், கூட்டாட்சி’ என்று எழுதிய துணியை ஏந்துகிறார்கள். அவர்கள் தலையில் இருப்பது பிரெஞ்சுப் புரட்சியை நினைவூட்டும் குல்லாய். ஓரங்களில் குடியேற்ற நாடுகளின் மக்களும் விலங்குகளும் நிற்கிறார்கள். அடிப்பகுதியின் நடுவில் உலக உருண்டையின் மேல் பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். அவ்வுருண்டையைத் தோளில் தாங்கிக் குனிந்து நிற்கும், கிரேக்கப் புராணத்து அட்லஸின் உடலில் சுற்றிய பட்டையில் ‘மனித உழைப்பு’ என்று எழுதியிருக்கிறது. பேரரசைப் புகழ்வதற்காக அச்சிட்ட ஒரு படத்துக்குள், அந்தப் பேரரசை யார் தோள் தாங்குகிறது என்ற சொல்லை ஓவியர் பொறித்து வைத்திருக்கிறார். படத்தை வெளியிட்டவர்களின் நோக்கமும் வரைந்தவரின் மனமும் ஒரே தாளில் முட்டிக்கொள்ளும் இதுபோன்ற இடம் வரைபட வரலாற்றில் மிக அரிது. கடையின் அச்சில், ஏ2 அளவுக்குப் பொருத்துவதற்காக அடிப்பகுதியை வெட்டியதில், அட்லஸின் தலை மட்டும் எஞ்சியிருக்கிறது. பட்டையும் எழுத்தும் போய்விட்டன. வெட்டியவருக்கு அது ஒரு சென்டிமீட்டர் கணக்கு. எனக்கோ அந்தத் தாளை வாங்கியதற்கான காரணமே அந்தச் சென்டிமீட்டரில்தான் இருந்தது.

மூன்றாவது தாள் குறைவின்றி வந்திருக்கிறது. ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்ட 1877இல் வரையப்பட்ட இதில் ரஷ்யா ஒரு பெரும் ஆக்டோபஸாக ஐரோப்பாவின் கிழக்கே கிடந்து, துருக்கி, பாரசீகம், போலந்து, பின்லாந்து என்று கைகளை நீட்டி நெரிக்கிறது. மற்ற நாடுகள் ஆண்களும் பெண்களுமாக இருக்க, ரஷ்யா மட்டும் விலங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட படங்கள் வேலை செய்கின்றன. பிற்காலத்தில் பல நாடுகள் தங்கள் எதிரிகளை இதே ஆக்டோபஸாக வரைந்தன, பிரிட்டனையும் சேர்த்து. கீழே உள்ள சிறு எழுத்துகள்கூட இந்த அச்சில் படிக்கும்படி இருக்கின்றன.

நான்காவது தாள்தான் தொகுப்பிலேயே சிறந்தது. இதற்காகக் கடைக்கு மனமார நன்றி சொல்கிறேன். பெரும் முக்கோண அளவையின் சுட்டுப்படத்தில் சித்திரங்கள் கிடையாது, பெண்ணுருவங்கள் கிடையாது, தூண்கள் கிடையாது. நாட்டின் குறுக்கும் நெடுக்கும் சங்கிலி சங்கிலியாக முக்கோணங்கள் மட்டும் செல்கின்றன. அளவையின் முதல் அடிக்கோடு, அதாவது மற்றக் கணக்குகளுக்கு ஆதாரமாகத் தரையில் நேராக அளந்த கோடு, நம் பரங்கிமலைக்கு அருகில்தான் போடப்பட்டது. திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டுப் போரில் பங்கெடுத்த வில்லியம் லாம்டன், புதிதாகக் கைக்கு வந்த நாட்டைக் குறுக்காக அளக்கும் திட்டத்தைக் கம்பெனியிடம் வைத்து, 1802 ஏப்ரல் 10 அன்று அளவையைத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது நீளுவதைக் கணக்கிட்டு, ஏழரை மைல் நீளத்தை அளக்க 57 நாட்கள் பிடித்தன. 1808இல் கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தாமே செப்பனிட்டார்.

இந்தத் தாளில் அரசியல் எங்கே என்று கேட்டால், அது இல்லாதவற்றில் இருக்கிறது. எந்த அரசன் நாடு, எந்தச் சமஸ்தானம் என்று பாராமல் முக்கோணங்கள் எல்லாவற்றையும் கடந்து போகின்றன. எவரிடமும் அனுமதி கேட்டதன் அடையாளம் தாளில் இல்லை. மலையுச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், கருவியைத் தலையில் சுமந்து காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் ஆகியோரின் பெயர்களும் இல்லை. பதினைந்தாம் எண் சிகரமே உலகின் மிக உயர்ந்தது என்று கணக்கிட்ட ராதாநாத் சிக்தாரின் பெயரைத் தாங்கும் மலை ஏதும் இல்லை. 1865இல் அந்தச் சிகரத்துக்கு, அளவையை முன்பு தலைமையேற்று நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. சித்திரங்களால் பேசும் ரென்னலின் வரைபடத்துக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிட்டால், அறிவியலின் மௌன மொழியும் அதே கம்பெனியின் மொழிதான் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடிகிறது. எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த அளவையின் துல்லியம் பொய்யல்ல. இன்று நாம் பயன்படுத்தும் நில அளவைக்கு அதுவே அடித்தளமாக அமைந்தது. பயன்படும் உண்மையும் ஆளும் நோக்கமும் ஒரே கோட்டில் இருப்பதை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் இந்தப் பாடத்தில் கடினமான பகுதி.

இந்த நான்கையும் மாட்டிய சுவரில், ஏற்கெனவே பல ஆண்டுகளாகத் தொங்கும் இந்திய அரசியல் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தேன். பழையவற்றில் மட்டும் அரசியல் இருந்தது, இப்போது இல்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது அல்லவா? நம் வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்கச் சொன்னேன். அருணாசலப் பிரதேசம், அசாம், மேகாலயா ஆகிய மாநிலங்களுக்கு இடையிலான எல்லைகள் 1971ஆம் ஆண்டின் வடகிழக்குப் பகுதிகள் மறுசீரமைப்புச் சட்டத்தின்படி கொள்ளப்பட்டவை, இன்னும் சரிபார்க்கப்பட வேண்டியவை என்று ஒரு குறிப்பு. கடல் எல்லை, உரிய அடிக்கோட்டிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் என்று இன்னொன்று. சண்டிகர், ஹரியானா, பஞ்சாப் மூன்றின் நிர்வாகத் தலைமையிடமும் சண்டிகரே என்று மற்றொன்று. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தகராறோ ஒப்பந்தமோ இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் படத்துக்கு மாறாக இந்திய வரைபடத்தை அச்சிடுவது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம் என்றும், 2019 நவம்பரில் ஜம்மு காஷ்மீர், லடாக் ஒன்றியப் பகுதிகளைக் காட்டும் புதிய படம் வந்ததையும், அடுத்த ஆண்டு நேபாளம் லிபுலேக், காலாபானி, லிம்பியாதுராவைத் தன் எல்லைக்குள் காட்டும் படத்தை வெளியிட்டதையும் சொன்னேன். கைபேசியில் பார்க்கும் வரைபடம் இந்தியாவில் ஒரு மாதிரியும் வெளிநாட்டில் வேறு மாதிரியும் காஷ்மீர் எல்லையைக் காட்டுகிறது என்றபோது வகுப்பில் நம்ப மறுத்தவர்கள் பலர். கைபேசிப் படத்தைப் பற்றி எனக்கிருக்கும் கவலையும் இதுதான்: அதற்கு ஓரமே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருக்கிறது. யார் வரைந்தது, எந்தச் சட்டத்தின்படி என்று சொல்லும் அடிக்குறிப்புக்கு அங்கே நம் கண் போவதே இல்லை.

இனி கடையின் சேவை. முதல் இரண்டு தாள்களின் குறையைத் தொலைபேசியில் சொன்னபோது, எதிர்முனையில் இருந்த இளைஞர் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். “சார், அது அலங்காரத்துக்குப் போட்ட படம்தானே? மேப் முழுசா இருக்கே. வீட்டு ஹால்ல மாட்டுறவங்க கிளீனா இருக்கணும்னு கேக்குறாங்க” என்றார். அவர் சொன்னதில் வணிக நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் ‘மூலத்தின் உண்மைப் படி’ என்று எழுதிவிட்டு, மூலத்தின் தலைப்புச் சித்திரத்தை நீக்கியிருப்பதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது சரியல்ல. வாங்குபவர் அறியாமலேயே அவருக்கும் 1782க்கும் நடுவில் இன்னொருவர் தம் விருப்பத்தை நுழைத்துவிடுகிறார். நான் இதை எழுத்து மூலம் தெரிவித்தபின், பதினெட்டு நாள் கழித்துக் கூடுதல் கட்டணமின்றி ரென்னலின் முழுத்தாளை அனுப்பினார்கள். அதில் சித்திரம் இருக்கிறது. ஆனால் தெளிவு குறைந்த கோப்பிலிருந்து அச்சிட்டிருப்பதால் பீடத்தின் எழுத்துகள் மங்கிய புள்ளிகளாகவே தெரிகின்றன. பேரரசுப் படத்தை மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். தாள் அளவுக்கு ஏற்ப வெட்டுவது வழக்கமான நடைமுறை என்று பதில் வந்தது.

கடைசியில் நான் செய்தது இது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம், மக்களை ஒரு கருத்தின் பக்கம் இழுப்பதற்காக வரையப்பட்ட வரைபடங்களைத் தனித் தொகுப்பாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. 1886, 1877 ஆகிய இரண்டு தாள்களும் அங்கே குறிப்புகளோடு இருக்கின்றன. டேவிட் ரம்சியின் வரைபடத் தொகுப்பிலும் பல்லாயிரம் பழைய வரைபடங்களை மிகுந்த தெளிவுடன் இலவசமாகப் பார்க்கலாம். பேரரசுப் படத்தின் தெளிவான கோப்பை இறக்கி, எங்கள் ஊர் டிஜிட்டல் அச்சகத்தில் ஓரம் முழுவதும் வருமாறு 240 ரூபாய்க்கு அச்சிட்டேன். தாள், கடையின் தாளைப் போல அவ்வளவு நன்றாக இல்லை. லேமினேஷன் சற்றுப் பளபளக்கிறது. இருந்தாலும் அட்லஸின் பட்டையில் உள்ள சொற்களை மூன்றடி தூரத்திலிருந்து படிக்க முடிகிறது.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: இந்தக் கடையின் ஆக்டோபஸ் தாளையும் முக்கோண அளவைத் தாளையும் தனித்தனியே, தாள் ஒன்றுக்கு 900 ரூபாய்க்கு வாங்கலாம், விலைக்கேற்ற பொருள். ரென்னலையும் பேரரசுப் படத்தையும் இவர்களிடம் வாங்க வேண்டாம். எந்தக் கடையில் வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் தாளின் நான்கு மூலைகளும் தலைப்புப் பகுதியும் தெளிவாகத் தெரியும் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பள்ளிகள் தொகுப்பாக வாங்கினால் பத்து விழுக்காடு கழிவு தருகிறார்கள். ரசீதில் பள்ளியின் பெயரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தணிக்கைக்கு உதவும்.

கடையிலிருந்து முதலில் வந்த, சித்திரம் அழிக்கப்பட்ட ரென்னலை நான் திருப்பி அனுப்பவில்லை. முழுத்தாளுக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டி, இரண்டுக்கும் நடுவில் சோளிங்கர் என்ற பெயரையும் புள்ளலூர் என்ற பெயரையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டச் சொன்னேன். எழுதியது, தோற்ற போரைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி.